பல்சரோ டார்க் மேட்டரோ, நீயே சொல்லு மச்சான்

மச்சான்,

உன்ர மெசேஜ் அண்டைக்கே பாத்தனான், ஏ/எல் கிட்டுது, வெள்ளவத்தையில கிளாஸ் இரவு வரைக்கும் இழுபடுது, அதான் பதில் போடேல்லை. அம்மா சுகம், முழங்கால் நோதான் விடுற மாதிரி இல்லை. சரி, எங்கட கலக்ஸியின்ர நடுவில இருந்து மேலதிகமா வாற காமா கதிர் பல்சராலயோ டார்க் மேட்டராலயோ எண்டு நீ கேட்ட விஷயத்துக்கு வாறன்.

2008 இல ஏவின, விண்வெளியில இருந்து காமா கதிரைப் பாக்கிற ஃபெர்மி டெலஸ்கோப்பின்ர டேட்டாவை வச்சு 2009 இல குடினஃப், ஹூப்பர் எண்ட ரெண்டு பௌதிக ஆய்வாளர் கிளப்பி விட்ட கதை இது, எங்கட கலக்ஸியின்ர நடுவில கணக்குக்கு மிஞ்சி காமா கதிர் வருது எண்டு, 1 தொடக்கம் 3 ஜிஇவி (கதிரின்ர சக்தியை அளக்கிற அலகு) பக்கம் உச்சம். டார்க் மேட்டர், அதாவது ஈர்ப்பால மட்டும் தெரியவாற கண்ணுக்குத் தெரியாத பொருள், அதின்ர துகள் ஒண்டோட ஒண்டு மோதி அழிஞ்சா இப்பிடித்தான் வரும், ஆனா மில்லிசெக்கண்ட் பல்சரின்ர (செக்கனுக்கு நூற்றுக்கணக்கில சுத்துற செத்த நட்சத்திரம்) ஸ்பெக்ட்ரமும், எந்தச் சக்தியில எவ்வளவு கதிர் எண்ட கணக்கு, கிட்டத்தட்ட இதே வடிவம்தான், பிரச்சினையே அங்கதான்.

போன கிழமை ஒரு பெடியன் கேக்கிறான், "சேர், வழமையா வாற பின்னணிக் காமாவைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைப் பாக்கலாம்தானே" எண்டு. கழிக்கலாம், எதைக் கழிக்கிறது? அங்க வாற காமாவில பெரும்பங்கு காஸ்மிக் கதிர் (விண்வெளியில வேகமாப் பறக்கிற துகள்கள்) வாயுவில மோதி, பயோன் எண்ட குறுகின ஆயுள் துகள் உண்டாகி, அது உடைஞ்சு வாறது, அப்ப எங்க எவ்வளவு வாயு எண்டு தெரியோணும். நடுப்பக்கம் பாக்கேக்க வாயு எங்கட பார்வைக்குக் குறுக்காலதான் ஓடுது, எங்களை நோக்கியோ விலகியோ போற வேகத்தைக் காட்டுற டொப்ளரை வச்சு தூரம் பிரிக்கேலாது. மொடல் கொஞ்சம் பிழைச்சா மிச்சத்தின்ர வடிவமே மாறிடும்.

2016 இல ரெண்டு குழு வேற வழியால போச்சினம். இரவு காலிமுகத்திடல்ல நிண்டா ஹாபருக்கு வெளியில நிக்கிற கப்பல் லைட்டெல்லாம் புகாருக்குள்ள ஒரே மங்கலாத் தெரியும், கூர்ந்து பாத்தாத்தானே புள்ளி புள்ளியாப் பிரியும், அதுமாதிரி போட்டோன்கள் (ஒளித்துகள்கள்) குவியல் குவியலா வருதோ, டார்க் மேட்டர் எண்டா எதிர்பாக்கிற மாதிரி ஒரே சீராப் பரவி வருதோ எண்டு பாத்து, பல்சர் மாதிரிப் புள்ளிகள்தான் எண்டிச்சினம். அந்த பேப்பர் ஒண்டை எழுதின குழுவில இருந்த ஸ்லாட்டியர் எண்ட ஆய்வாளரே 2019 இல லீன் எண்ட இன்னொரு ஆய்வாளரோட சேந்து டேட்டாக்குள்ள வேணுமெண்டே ஒரு போலி டார்க் மேட்டர் சிக்னலைப் போட்டுப் பாத்தவ, அந்த முறை அதையும் புள்ளிகளெண்டு சொல்லிப்போட்டுது! தன்ர முறையைத் தானே இப்பிடி உரசிப் பாக்கிற ஆக்கள் குறைவு, எனக்கு அதான் பிடிச்சது.

பக்கத்துக் குட்டி கலக்ஸிகளில வாயு இல்லையெண்டே சொல்லலாம், டார்க் மேட்டர் நிறைய, அதால டார்க் மேட்டர்தான் காரணமெண்டா அங்கயும் காமா தெரியோணும், ஆனா அங்க தெளிவா ஒண்டும் அம்பிடேல்லை. அதால நான் பல்சர் பக்கம் சாயிறன், பந்தயம் எண்டா காசு கட்ட மாட்டன். தென்னாபிரிக்காவில இருக்கிற மீர்கேட் மாதிரி ரேடியோ டெலஸ்கோப்புகள் எங்கட கலக்ஸியின்ர நடுவில பல்சர்களை ஒவ்வொண்டாப் பிடிச்சுக் காட்டினா பாப்பம்.

நீ எந்தப் பக்கம்? ஞாயிறு பின்னேரம் கோல் எடு, கிளாஸ் மத்தியானத்தோட முடியும்.