சூப்பர்விஷன் என்ற சொல்

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

பந்தலூரில் மழை பிடித்துக்கொண்டது என்றும், ஜீப் ஏறாத பழங்குடிக் குடியிருப்புகளான பாடிகளுக்கு அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு நடந்தே போய்வருகிறீர்கள் என்றும் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். மாதக் கூட்டத்தில் சம்பளத் தாமதத்தைப் பற்றி வாய் திறந்த புதிய பெண்ணிடம், "சேவை மனப்பான்மை இல்லாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்று இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னதையும், அப்போது நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததையும் சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தொலைபேசியில் பேசி முடியாததை எழுதுகிறேன்.

நான் இங்கே வேலை செய்வதும் உங்களுடையதைப் போன்ற ஒரு தொண்டு நிறுவனத்தில்தான். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய், வந்திருக்கும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும், மருத்துவமனைக்குத் தேதி வாங்கித் தருவதும், சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும் என் வேலை. சேர்ந்த முதல் மாதத்தில் என் மேலாளர், "வியாழக்கிழமை உனக்கு சூப்பர்விஷன் இருக்கிறது" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நம் ஊரில் சூப்பர்வைசர் என்றால், கொழுந்து எடுப்பவர்களின் பின்னால் நின்று, எடை குறைந்தால் நாலு பேர் கேட்கக் கத்துபவர் அல்லவா? மாலையில் எடை போடும் இடத்தில் அம்மா நின்ற முகம்தான் என் கண்முன் வந்தது. என்ன தவறு செய்தேன் என்று யோசித்து யோசித்து, ஒரு தாளில் எழுதியும் கொண்டுபோனேன்.

அவர் கதவைச் சாத்தி, தேநீர் ஊற்றிக் கொடுத்து, "இந்த மாதம் எந்த வீட்டின் நினைவு உன்னை விட்டுப் போகவில்லை?" என்று கேட்டார். மனைவியை இழந்த ஒரு பெரியவர், நான் கிளம்பும்போதெல்லாம் இன்னும் ஐந்து நிமிடம் என்று கேட்பதால், வாரம் இருமுறை வேலை நேரம் முடிந்த பிறகும் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னேன். பாராட்டுவார் அல்லது கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. கூடுதலாக வேலை செய்த மணிகளைக் கணக்கிட்டு, அத்தனை மணி நேரத்தை விடுப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் பட்டியலிலிருந்து ஒரு வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அக்கா, எட்டு ஆண்டுகளாகப் பாடி பாடியாக ஏறி இறங்கும் உங்களிடம் ஒருவராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா? சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய்க்கான சோதனைக்கு இரத்தம் கொடுக்க மறுத்த பணியர் பழங்குடியினரின் பாடியில், மூன்று மாதம் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசி அவர்களைச் சம்மதிக்க வைத்தது நீங்கள். ஆண்டறிக்கையில் வந்ததோ இயக்குநரின் படம் மட்டும்.

இங்கே எல்லாம் நேர்த்தி என்று நினைத்துவிடாதீர்கள். சென்ற ஆண்டு நகராட்சி தந்துவந்த நிதி நின்றபோது, நான்கு பேருக்கு வேலை போகும் என்பதை ஒரு வெள்ளிக்கிழமை மாலை கணினித் திரையில் தோன்றி இருபது நிமிடத்தில் சொல்லி முடித்தார் எங்கள் தலைமை அதிகாரி. அதற்கு முந்தைய மாதம் வரை "நாம் ஒரே குடும்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த ஓர் அம்மா மேசையைக் காலி செய்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். தொண்டு நிறுவனத்தில் "குடும்பம்" என்ற சொல் எங்கே அடிக்கடி கேட்கிறதோ, அங்கே சம்பளச் சீட்டைக் கவனமாகப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். பெயர் குறிப்பிடாமல் ஊழியர்களிடம் கருத்து கேட்டார்கள். தலைமையின் மீது நம்பிக்கை இல்லை என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதினோம். அதை மறைக்காமல் எங்களுக்கே வாசித்துக் காட்டினார்கள். இங்கே அறங்காவலர்கள் பொதுவாகச் சம்பளம் வாங்குவதில்லை. தலைமை அதிகாரி அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவர்களின் தலைவர் அந்த அதிகாரியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் எங்கள் நடுவில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். போன வேலைகள் திரும்பவில்லை. ஆனால் கேள்வி கேட்ட எவருக்கும் தீங்கு வரவில்லை. அவர்களில் ஒருத்தி நான். மிகச் சிறியவை தவிர, பதிவுபெற்ற அறநிறுவனங்களின் ஆண்டுக் கணக்கை, அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பான சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெரிய நிறுவனமானால், ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கு மேல் வாங்குவோர் எத்தனை பேர் என்பதும் அதில் இருக்கும். எங்கள் கணக்கை ஒரு மதிய இடைவேளையில் படித்துப் பார்த்த பிறகுதான் கூட்டத்தில் என் குரல் நடுங்காமல் வந்தது.

அதனால்தான், நிர்வாகத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்று சம்பளப் பேச்சு வரும்போது உங்கள் இயக்குநர் சொல்லும் கணக்கைப் பற்றியும் படித்தேன். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது உண்மை. ஆனால் மருத்துவமனை மருத்துவரின் சம்பளம், பள்ளி ஆசிரியரின் சம்பளம் போல, நிறுவனத்தின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு நிர்வாகச் செலவில் சேராது என்று விதியே சொல்கிறது. பாடிக்குப் போய்ச் சோதனை செய்யும் உங்கள் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்று கணக்காளரிடம் பணிவாகவே கேளுங்கள். உங்கள் அலுவலகத்தில் 26 பேர் இருக்கிறீர்கள்; 20 பேர் இருந்தாலே வருங்கால வைப்பு நிதி உண்டு. பத்துப் பேர் இருந்தாலே, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய பெண்களின் புகாரை விசாரிக்க, ஒரு மூத்த பெண் ஊழியர் தலைமையில் உள்ளகக் குழு இருக்கவேண்டும். அது தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். அந்தக் குழுவின் பெயர்ப்பட்டியலை உங்கள் அலுவலகச் சுவரில் நான் பார்த்ததே இல்லை.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாடிகளில் உங்களைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிவருவதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் புதிய பெண்ணின் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். அவள் மறுபடி கேட்டால், "எனக்கும் அதே கேள்வி இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று அன்றிரவே எனக்குச் சொல்லவேண்டும். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

உங்கள் அன்புத் தங்கை