கோலாலம்பூர் முடிதிருத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜிட் இந்தியா பகுதிகளில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும், அங்கே வேலை செய்யும் தம்பிகளுக்கும் வணக்கம்.

தோல் நோய்ப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொழுநோய் விஷயமாக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

அது ஒழிந்துவிட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை மலேசியா 1994இலேயே எட்டிவிட்டது. 1930இல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த சுங்கை பூலோ குடியிருப்புக்கு இன்று யாரையும் பிடித்துக்கொண்டு போவதில்லை. ஆனாலும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். கிருமி புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும். நோய் அரிதாகிவிட்டதால் டாக்டர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. தேமல் என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. நரம்பு கெட்டு விரல் மடங்கிய பிறகு வந்தால், மருந்து கிருமியைக் கொல்லும், விரலை நிமிர்த்தாது.

பிடரி, காதின் பின்பக்கம், புருவ ஓரம். இவற்றை மாதாமாதம் வெளிச்சத்தில் பார்ப்பவர்கள் நீங்கள்தான். புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்திருக்கிறதா, காது மடல் தடித்து முடிச்சு முடிச்சாக இருக்கிறதா, வெளிறிய அல்லது சிவந்த திட்டு பல மாதமாக மாறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். படை அரிக்கும், இது பெரும்பாலும் அரிக்காது. மழித்த இடத்தில் படிகாரம் தேய்த்தாலும் சிலருக்கு எரியாது. முகத்தில் நரம்புகள் அதிகம், அங்கே உணர்ச்சி மிஞ்சியிருக்கலாம். ஆகவே எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

நாலு பேர் காத்திருக்கும்போது மட்டும் சொல்ல வேண்டாம். நோயின் பேரும் வேண்டாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். காசு வாங்கும்போது மெதுவாக, "அண்ணே, காதோரம் ஒரு திட்டு இருக்கு. ரொம்ப நாளா இருந்தா கிளினிக் கெசிஹாத்தான்ல ஒருவாட்டி காட்டிருங்க" என்றால் போதும். அது அரசு சுகாதார கிளினிக், குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட்தான்.

முடி வெட்டுவதால் உங்களுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. சிகிச்சை பெறாதவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால்தான் பரவும். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மருந்துகளை 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும்.

முதலாளிகளிடம் இன்னொன்று. ஊரிலிருந்து வந்து உங்களிடம் வேலை செய்யும் பையன்கள் திட்டு வந்தால் மறைப்பார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவப் பரிசோதனையில் தொழுநோயும் இருக்கிறது. வேலை பெர்மிட் போய்விடும் என்ற பயம், அதில் நியாயமும் உண்டு. தயவுசெய்து ராத்திரியோடு ராத்திரியாக டிக்கெட் போட்டு அனுப்பிவிடாதீர்கள். நீங்களே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். திரும்பித்தான் போகவேண்டும் என்றாலும் மருத்துவக் குறிப்பைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் காட்டினால் இதே மருந்து இலவசமாகக் கிடைக்கும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி, செந்தூல்