டென்வரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டி வலி தேவலையா? இங்கே பனி தொடங்கிவிட்டது. தார் போடும் வேலை நின்றுவிட்டதால் ஆபீசில் உட்கார்ந்து அடுத்த வருஷத்து டெண்டர்களுக்கு எஸ்டிமேட் போடுகிறேன்.

"அரசாங்கம் அளவோடு செலவு செய்யணும்னு சட்டம் இருந்தா நல்லதுதானே, உங்க காண்ட்ராக்டர்கள் ஏன் எதிர்க்கிறாங்க?" என்று போனில் கேட்டீர்கள். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை.

1992-ல் எங்கள் கொலராடோ மாநில மக்கள் ஓட்டுப் போட்டு, மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்த விதி அது. டேபர் (TABOR) என்பார்கள், 'வரி கட்டுவோர் உரிமை விதி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். விலைவாசியும் மக்கள்தொகையும் கூடும் அளவுக்குத்தான் மாநிலம் தன் வருமானத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். மிஞ்சினால் மக்களுக்குத் திருப்பித் தரவேண்டும். வரியை ஏற்ற மக்கள் ஓட்டு வேண்டும். 2022-ல் அப்படி மிஞ்சிய பணத்தில் எனக்கும் 750 டாலர் செக் வந்தது, சந்தோஷமாகத்தான் வாங்கினேன்.

ஆனால் அந்த விலைவாசிக் கணக்கு டென்வர் குடும்பங்களின் வாடகை, சாப்பாடு, துணிமணியை வைத்துப் போடுவது. ஜல்லியும் தாரும் கம்பியும் அதில் இல்லை. ரோடு வேலைக்குப் பணம் தரும் மாநிலப் பெட்ரோல் வரி காலனுக்கு 22 சென்ட். 1991-ல் வைத்தது அப்பா, இன்றும் அதேதான்! 2021-ல்தான் ஒரு சட்டம் போட்டு, தனிக் கட்டணமாகக் கொஞ்சம் சேர்க்க வழி செய்தார்கள்.

இதைவிட மோசம், 2001-க்குப் பிறகு நடந்தது. வருமானம் சரிந்தபோது உச்சவரம்பும் கூடவே இறங்கியது. நிலைமை தேறிய பிறகும் அந்தப் பள்ளத்திலிருந்துதான் எண்ண வேண்டியிருந்தது. கடைசியில் ரிபப்ளிகன் கட்சி கவர்னர் பில் ஓவன்ஸே முன்னின்று, 2005-ல் ஐந்து வருஷத்துக்கு வரம்பைத் தளர்த்தும்படி மக்களிடம் கேட்டார். மக்கள் ஒத்துக்கொண்டார்கள். அதே தேர்தலில் ரோட்டுக்குக் கடன் வாங்கும் திட்டம் மட்டும் தோற்றது. 2018-ல் ரோட்டுக்காக விற்பனை வரியை 0.62 சதவீதம் ஏற்றக் கேட்டதும் தோற்றது.

வரம்பைத் தளர்த்தினால் காண்ட்ராக்டர்களுக்கு லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருஷம் வேலை, மறு வருஷம் இல்லை என்றால் கைதேர்ந்த ஆட்கள் தங்குவதில்லை. எங்கள் ரோலர் டிரைவர் இருவர் வேறு மாநிலத்துக்கே போய்விட்டார்கள். வரிக்கு மக்களைக் கேட்பது சரிதான். வருஷத்துக்கு வருஷம் மாறும் கணக்கை அரசியலமைப்பில் எழுதிப் பூட்டியதுதான் தப்பு என்பேன்.

மார்ச்சில் எங்கள் டெண்டர் முடிவு தெரியும். கிடைத்தால் கோடை முழுக்க வேலை, வர முடியாது. கிடைக்காவிட்டால் மே மாதம் வருகிறேன். அம்மாவிடம் இரண்டையும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்