தார் பாலைவனத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். பையை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது. என்னென்ன பறவை பார்த்தீர்கள், பட்டியல் எங்கே என்று நண்பர்கள் துளைத்தெடுக்கிறார்கள். அது கிடக்கட்டும், முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வயல் தண்ணீரில் நிற்கும் கொக்கையும் நாரையையும் பார்த்து வளர்ந்த டெல்டாக்காரர்கள் நாங்கள். வெட்ட வெளியில், மண் நிறத்திலேயே இருக்கும் பறவையைத் தேடிப் பழக்கமில்லை. அங்கே நாங்கள் பார்த்ததில் முக்கால்வாசி யாராவது ஒருவர் காட்டிக்கொடுத்ததுதான்.

மன்னார்குடியில் கிளம்பி ஜோத்பூர் பக்கம் பகத் கி கோட்டி வரை போகும் ரயிலில் எதிர் இருக்கையில் வந்த குடும்பத்துக்கு முதல் நன்றி. எங்கள் சால்வைகளைப் பார்த்துச் சிரித்து, "ஜனவரிக் குளிருக்கு இது காணாது" என்று எச்சரித்தார்கள். சொன்னதோடு விடாமல், பலோடியில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, தங்க இடமும் ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வைகளும் ஏற்பாடு செய்தார்கள். அந்த ரஜாய் இல்லாவிட்டால் விடியற்காலையில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம்.

பலோடிக்குப் பக்கத்தில்தான் கீச்சன் கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து வரும் டெமாய்செல் கொக்குகள் குளிர்காலம் முழுக்க அங்கே தங்குகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் குர்ஜா என்கிறார்கள். வேலி போட்ட மைதானம் ஒன்றில் தானியத்தைத் தூவி வைத்துவிடுகிறார்கள். காலையில் கூட்டம் கூட்டமாக வந்து சுற்றுகின்றன. ஒரு வரிசை இறங்கத் துணிந்தால் போதும், பின்னாலேயே மற்றவையும் இறங்குகின்றன. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைச் சிறகுக் கீற்று, சிவந்த கண். அவ்வளவு பக்கத்தில் பார்த்தோம். தன் வீட்டு மொட்டை மாடியைத் திறந்துவிட்டு, டீயும் கொடுத்து, காசு வாங்க மறுத்த பெரியவருக்கு என்ன சொல்வது? 2025இல் அந்த ஊர் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலையாக அறிவிக்கப்பட்டதற்கு வாழ்த்துச் சொன்னோம். "அதற்கு முன்னாலும் வந்துகொண்டுதானே இருந்தன" என்றார். சரிதான். தலைமுறையாகத் தானியம் போடும் வீடுகளுக்கெல்லாம் எங்கள் வணக்கம்.

ஜெய்சல்மேரில் எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர் அண்ணனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பறவைக்காரர்களை ஏற்றி இறக்கியே பறவைக்காரர் ஆகிவிட்டவர். பொட்டல் தரையில் ஓடி நின்று, ஓடி நிற்கும் கிரீம் நிறக் கோர்சர் பறவைகளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்டுபிடித்தார். எருக்கஞ்செடி உச்சியில் வெண்புருவப் புதர்ச்சிட்டு தொண்டையை உப்பி உடம்பை இப்படியும் அப்படியும் திருகிக் காட்டியதே, அதையும் அவர்தான் காட்டினார். வண்டி மணலில் புதைந்தபோது டயரில் காற்றை இறக்கிவிட்டு, பழைய சாக்குகளைக் கொண்டுவந்து போட்டுத் தள்ளிய மேய்ச்சல்காரத் தம்பிகளுக்கும் நன்றி. பெயரைக்கூடச் சொல்லாமல் ஆடுகளின் பின்னால் போய்விட்டீர்கள்.

இனி சுதாசரி. பாலைவனத் தேசியப் பூங்காவில், கிரேட் இந்தியன் பஸ்டர்டு என்கிற கானமயிலுக்காக வேலியிட்டுக் காக்கும் பகுதி அது. உள்ளூர் வழிகாட்டித் தம்பி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கையை நீட்டாமல் தாடையால் திசை காட்டினார். சேவண் புல்லுக்கு மேலே வெள்ளைக் கழுத்தும் கருந்தொப்பித் தலையும் மட்டும் முதலில் தெரிந்தன. பிறகு முழு ஆளும் வெளியே வந்தது. அலகைச் சற்று மேலே தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாத நடை. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். முடியாது என்றார் தம்பி. கூடக் கொஞ்சம் பணம் என்று பேச்சு எழுந்ததும், ஓட்டுநர் அண்ணனிடம் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தம்பி, இந்த மடலில் இருக்கும் பெரிய நன்றி அதற்குத்தான். காட்டில் ஏறத்தாழ 150 மட்டுமே மிஞ்சியிருக்கும் பறவை; பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். எங்கள் படம் நன்றாக விழ வேண்டும் என்பதற்காக அது இடம் மாறிப் பறக்க வேண்டியதில்லை. பறந்தாலும் மின்கம்பிதான் எமன். நேர் எதிரே இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாத கண். கனத்த உடம்பு, சட்டென்று திரும்ப முடியாது. திரும்பி வரும் வழியில் கம்பிகளில் தொங்கவிட்டிருந்த எச்சரிக்கைத் தகடுகளைக் காட்டி, மின்கம்பிகளை நிலத்துக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவையும், 2024இல் அதைத் தளர்த்தியதையும் தம்பி விளக்கினார். எங்களில் பத்திரிகை படிக்கிறவர்களுக்கே அவ்வளவு விவரம் தெரியாது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் இருந்து, இன்று அடியோடு இல்லாமல் போன பறவை என்பதால் எங்களுக்கு அந்த நடை இன்னும் கண்ணில் நிற்கிறது. வனத்துறைக் காவலர்களுக்கும், ஸாம், ராம்தேவ்ரா இனப்பெருக்க மையங்களில் குஞ்சு வளர்க்கிறவர்களுக்கும் நன்றி.

ஸாம் பக்கத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அம்மாவுக்கு: கம்பு ரொட்டியும் மோரும் எங்களுக்குப் புதிதல்ல. கேர் சாங்ரிதான் புதிது. அதில் சாங்ரி என்பது நம் ஊரில் கோயிலில் தல விருட்சமாகச் சுற்றி வருகிற வன்னி மரத்தின் காய் என்று தெரிந்ததும் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டோம். வற்றலைப் பொட்டலம் கட்டியும் கொடுத்தீர்கள். இங்கே ஒருவருக்கும் அந்தக் கைப்பக்குவம் வரவில்லை.

பிக்கானேர் அருகே ஜோர்பீரில் செத்த மாடும் ஒட்டகமும் கொண்டுவந்து போடும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் நன்றி. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்தில் அவர்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு என்றால் நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில் எங்கோ உயரத்தில் வட்டமிடும் புள்ளி என்று இருந்தவர்கள் நாங்கள். அங்கே மஞ்சள்முகப் பாறுகள் கோழி மாதிரி தரையில் நடந்தன. ஸ்டெப்பி கழுகுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எந்த மரத்தில் மஞ்சள்கண் புறாக்கள் அடையும் என்று சொன்னவரும் அங்கே தோல் உரிக்கும் தொழிலாளிதான்.

அப்புறம், பறவை பார்க்கும் தொலைநோக்கி ஸ்கோப்பை நம்பிக் கொடுத்தனுப்பிய நண்பருக்கு: பத்திரமாக இருக்கிறது, லென்ஸில் கீறல் இல்லை, காலில் மட்டும் கொஞ்சம் மணல். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

இந்த மடலை இந்தியில் எழுதித்தர ஒரு நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். படங்களைப் பெரிதாக அச்சுப்போட்டு அதோடு தபாலில் அனுப்புகிறோம். மொட்டை மாடிப் பெரியவருக்கு இரண்டு பிரதி, மகளுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஓட்டுநர் அண்ணனும் வழிகாட்டித் தம்பியும் கடலையே பார்த்ததில்லையாம். கோடியக்கரைக்கு வாருங்கள். பூநாரையும் வெளிமானும் இருக்கின்றன. மழை விட்டபின் ஜனவரி வாக்கில் வந்தால் நல்லது. மன்னார்குடியில் இறங்கினால் போதும், வண்டியோடு ஸ்டேஷனில் நிற்போம்.

அன்புடன்,
தஞ்சைப் பக்கத்துப் பறவைக்காரர்கள் சார்பாக