மரணப் படுக்கையருகே எப்படி ஜெபிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமெல்லாம் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இறந்தவர்களுக்கு இவ்வளவு செய்கிறோம். இறந்துகொண்டிருப்பவரின் கட்டிலருகே போனால்தான் தடுமாறுகிறோம். அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

இனி நோய் குணமாகாது என்று மருத்துவர் சொன்னதை வீட்டார் நோயாளியிடம் மறைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களோ, "விசுவாசிங்க, எழுந்து நடப்பீங்க" என்று ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். தன் உடம்பு இளைத்துக்கொண்டே போவது நோயாளிக்குத் தெரியாதா? என் விசுவாசம்தான் குறைவோ என்று அவர் உள்ளுக்குள் குமைகிறார். சாவைவிடக் கொடிய பாரம் அது. அதை அவர்மேல் ஏற்ற எவருக்கும் உரிமையில்லை. உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்தும், இறந்துபோன நண்பன் லாசருவுக்காக இயேசு கண்ணீர் விட்டார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல் துக்கத்தைத் தடுக்கவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். மரணம் வரும், அதற்கு அப்பாலும் கிறிஸ்து நம்மோடிருக்கிறார். இதைச் சொல்ல உண்மையை மறைக்கத் தேவையில்லை.

சந்திக்கப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேராகப் போங்கள். தலைமாட்டில் நிற்காமல், முகம் பார்த்துப் பேசும்படி நாற்காலி போட்டு உட்காருங்கள். கால் மணி நேரம் போதும். "எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். வலிக்குப் பயப்படுகிறாரா, பிள்ளைகளை நினைத்தா, தேவனுக்கு முன் நிற்பதை நினைத்தா என்பது தெரிந்தால்தான் ஜெபம் குறி தவறாது. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்த பிறகுதான் கெட்டது. வாசிப்பதற்கு ஆறே வசனமுள்ள 23ஆம் சங்கீதம், யோவான் 14இன் முதல் மூன்று வசனங்கள், ரோமர் 8இன் கடைசி இரண்டு வசனங்கள் என்று ஏதாவது ஒன்று போதும். மெதுவாக வாசியுங்கள். கோபத்தோடும் கலக்கத்தோடும் இருப்பவருக்கு 88ஆம் சங்கீதம் பொருந்தும்; இருளிலேயே முடியும் அந்தப் புலம்பலும் வேதத்தில்தானே இருக்கிறது.

அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்தையும், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலையும் கடைசி மூச்சுக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள். ஆயரையோ பங்குத்தந்தையையோ நோயாளி நினைவோடு இருக்கும்போதே, விழுங்க முடியும்போதே அழையுங்கள். அரைமயக்கத்தில் மல்லாந்து கிடப்பவர் வாயில் அப்பமோ திராட்சரசமோ கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தலையை உயர்த்தி, மிகச் சிறிய துண்டை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு. அதற்கும் முடியாதவருக்கு ஜெபமும் நெற்றியில் எண்ணெய்ப் பூசுதலும் போதும்.

வலியைச் சகிப்பதுதான் சாட்சி என்ற எண்ணம் சில குடும்பங்களில் இருக்கிறது. வலியில் துடிப்பவருக்கு ஜெபிக்கக்கூட மனம் ஒன்றாது. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் தரும் சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் நிற்கும். அதனால் வலி வந்த பிறகு கொடுக்காமல், சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். "உபவாசம் இருக்கோம், மாத்திரையை நிறுத்துங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படித்து வந்த ஐடா ஸ்கடர், 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. ஜெபமும் மருந்தும் பகையாளிகள் என்று இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லலாமா?

கடைசி நாட்களில் பசி அடங்கிவிடும். சாப்பிடாததால் சாவு வருவதில்லை, சாவு நெருங்குவதால்தான் சாப்பாடு இறங்குவதில்லை. கஞ்சியைத் திணிக்காதீர்கள், ஈரத்துணியால் உதட்டை நனைத்தால் போதும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கண் மூடிக் கிடந்தாலும் காது கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள், சொத்துப் பேச்சை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்து இங்கே லாட்ஜ் அறைகளில் காத்திருக்கும் குடும்பங்களையும் நம் சபைகள் நினைக்க வேண்டும். அவர்கள் மொழியில் ஒரு வேதாகமமும், அந்த மொழி பேசும் ஒருவரும் கிடைத்தால் அவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு, எந்த வசனம், யார் ஜெபிக்க வேண்டும் என்பதை நோயாளியிடமே கேளுங்கள். கேட்கத் தயங்குகிறோம், கேட்டால் பெரும்பாலும் அவர் முகம் தெளியும். அவர் சொல்வதை அவருடைய வேதாகமத்தின் பின்பக்கத்திலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
நோயாளர் சந்திப்பில் ஈடுபடும் சபையார் சிலர்,
வேலூர்.