அந்த ஆறரை அடி தூரத்தை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கலாபகோஸ் தீவுகள் பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் அங்கிருக்கும் விலங்குகளுக்கு மனிதர்களைக் கண்டால் பயமே கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி வந்திருக்கிறதே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன ஆண்டு ஆகஸ்டில் நானும் என் மகளும் அங்கே 11 நாள் இருந்தோம். சொகுசுக் கப்பல் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சாந்தா குரூஸ், இசபெலா என்று இரண்டே தீவுகளில், ஊருக்குள் சின்ன விடுதிகளில் தங்கினோம். சாந்தா குரூஸில் புவெர்ட்டோ அயோரா என்ற ஊரின் மீன் சந்தைக்குப் போனால், மீன் வெட்டும் அம்மாவின் காலை உரசிக்கொண்டு கடல் சிங்கம் ஒன்று நிற்கிறது, நம் ஊர் மீன்கடையில் பூனை நிற்குமே, அதே மாதிரி. பக்கத்திலேயே கூழைக்கடாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இசபெலாவிலோ நடைபாதையின் குறுக்கே கடல் இகுவானாக்கள் படுத்திருக்கும், நாம்தான் நின்று, சுற்றிக்கொண்டு போக வேண்டும். உலகத்தில் கடலுக்குள் இறங்கிப் பாசி மேயும் பல்லியினம் இது ஒன்றுதான். உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாகப் பீச்சி அடிக்கும்; முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டு என் மகள் துள்ளி விலகினாள், அது அசையவே இல்லை.

ஆக, பயமில்லை என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியது உண்மைதான். ஏன் பயமில்லை, அதனால் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அவர் எழுதியிருக்க வேண்டும்.

தென் அமெரிக்காவின் ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலின் அடித்தரையைப் பொத்துக்கொண்டு வந்த எரிமலைகள்தான் இந்தத் தீவுகள். அடியில் ஒரு சூடான இடம் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்க, மேலே நாஸ்கா என்ற பூமித்தட்டு, அதாவது கடலடித் தரையின் பெரிய பாளம், கிழக்கே நகர்ந்துகொண்டே போகிறது. அதனால் கிழக்கில் இருக்கும் எஸ்பனோலா 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழையது, தேய்ந்து தாழ்ந்து கிடக்கிறது; மேற்கில் ஃபெர்னாண்டினா 10 லட்சம்கூட ஆகாதது, 2024 மார்ச்சில்கூட எரிமலைக் குழம்பு கக்கியது. எந்தக் காலத்திலும் இந்தத் தீவுகள் கண்டத்தோடு ஒட்டியிருக்கவில்லை. பறந்து வந்ததும் மிதந்து வந்ததும்தான் பிழைத்தன. புலியோ நரியோ நீந்தி வர முடியாத தூரம். லட்சக்கணக்கான ஆண்டுகள் தரையில் ஓடிப் பிடிக்கும் பெரிய மிருகம் எதையும் பார்க்காமலே வளர்ந்த உயிர்கள், ரெண்டு காலில் நடந்து வரும் நம்மை மட்டும் எப்படிச் சந்தேகப்படும்?

இசபெலாவில் சியெரா நெக்ரா எரிமலை மேல் ஏறிய நாளில்தான் எனக்கு இது உறைத்தது. வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், போக வர சுமார் 16 கி.மீ. நடை. ஆகஸ்ட் என்பதால் ஏறும் வழி முழுக்க மூடுபனி, மழையா தூறலா என்று சொல்ல முடியாத ஒரு ஈரம், பச்சைப் புதர்கள், காலடியில் சேறு. மேலே போனதும் பனி சட்டென்று விலகியது. எரிமலை வாய், சுமார் 9 கி.மீ. நீளம், எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிகிறது, உள்ளே முழுக்கக் கறுப்பு. இது 2005இல் வெடித்தது, 2018இல் மறுபடியும். அதைத் தாண்டி, அதே எரிமலையின் சரிவில் இருக்கும் வல்கான் சிக்கோ என்ற பகுதிப் பக்கம் இறங்கினால் ஒரு புல்கூட இல்லை. துருவேறிய சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாகக் கல், சில இடங்களில் பிளவுகளிலிருந்து இன்னும் சூடான ஆவி வருகிறது, கையை வைத்தால் சுடுகிறது. நடுவில் ஒரு கள்ளிச்செடி, முழங்கால் உயரம்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, மகள் வந்து தோளைத் தட்டினாள். இந்தக் கல்லில் ஒரு உயிர் வேர் பிடிக்க எத்தனை காலம் ஆகியிருக்கும்!

இனி, அந்தப் பயமின்மைக்கு அவை கொடுத்த விலை. 1835இல் டார்வின் ஐந்து வாரம் இங்கே இருந்தபோது, மரக்கிளையில் இருந்த பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட முடிந்ததாக எழுதி வைத்திருக்கிறார். இன்னொரு தீவில் ஒரு பையன் கையில் குச்சியோடு கிணற்றோரம் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வரும் புறாக்களையும் ஃபிஞ்ச் குருவிகளையும் அடித்து, சாப்பாட்டுக்குச் சேர்த்து வைத்திருந்ததையும் எழுதியிருக்கிறார். திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் இன்னும் மோசம். ராட்சத ஆமை மாதக்கணக்கில் தீனியும் தண்ணீரும் இல்லாமல் உயிரோடு இருக்கும் என்று கண்டுகொண்டு, தூக்கிப்போய்க் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினார்கள், வேண்டியபோது அறுத்துத் தின்றார்கள். அப்படிப் போனவை ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது, எதிரி என்றே தெரியாது.

மிச்சத்தை ஆடுகள் பார்த்துக்கொண்டன. 1959இல் பிண்டா தீவில் மீனவர்கள் விட்ட ஆடுகள் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பெருகித் தீவையே மொட்டையடித்தன. அந்தத் தீவின் ஆமை இனத்தில் 1971இல் ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், ஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள், துணை தேடித் தேடிப் பார்த்தார்கள், 2012 ஜூன் 24 அன்று அதுவும் போய்ச் சேர்ந்தது. பதப்படுத்திய அதன் உடல் புவெர்ட்டோ அயோராவில் டார்வின் ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. குளிரூட்டிய அந்த அறைக்குள் போய் நின்றபோது யாருமே பேசவில்லை, சின்னக் குழந்தைகள்கூட.

எஸ்பனோலா தீவின் கதை கொஞ்சம் ஆறுதல். அங்கே மிஞ்சிய ஆமை இனத்தை, வெறும் 15 ஆமைகளை வைத்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கி (அவற்றில் ஒன்று அமெரிக்காவின் சான் டியாகோ மிருகக்காட்சி சாலையிலிருந்து திரும்பி வந்தது), சுமார் 2,000 ஆக்கிவிட்டார்கள். 2020இல் அந்த 15 கிழட்டு ஆமைகளையும் சொந்தத் தீவுக்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 ஆனதைக் கொள்ளை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். எனக்கும் அது பெரிய பணம்தான், நாங்கள் இரண்டு பேர், கொடுக்கும்போது வலித்தது. ஆனால் 1998க்குப் பிறகு 2024இல்தான் முதல் தடவையாக ஏற்றியிருக்கிறார்கள். நிலத்தில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. 2023இல் வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். தீவுகளில் வசிப்பவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். பைக்குள் ஒரு பழ விதை இருக்கிறதா, செருப்பில் மண் ஒட்டியிருக்கிறதா என்றுகூட விமான நிலையத்தில் பார்க்கிறார்கள். ஒரு ஈ போதும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்: வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு ஈயின் புழுக்கள் ஃபிஞ்ச் குஞ்சுகளின் ரத்தத்தைக் குடித்துக் கூட்டிலேயே கொல்கின்றன. இதற்கெல்லாம் செலவு செய்ய வேண்டாமா?

போகிறவர்களுக்கு நான் சொல்வது: நாலு நாளில் ஏழு தீவு என்று ஓடாதீர்கள். தீவுக்குத் தீவு விசைப்படகில் போவது இரண்டு மணி நேரக் குலுக்கல், ஆகஸ்டில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், எங்கள் படகில் பாதிப் பேர் வாந்தி. ஒரு தீவில் உட்காருங்கள். காலையிலும் சாயங்காலமும் ஒரே கரைக்குப் போய்ப் பாருங்கள். அப்புறம், எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் சட்டம். நம் கணக்கில் ஆறரை அடி. ஆமை மேல் கை போட்டுப் படம் எடுக்கிற பழக்கத்தை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், சின்னதாகவாவது. அந்த 2 மீட்டரை எண்ணோடு போடுங்கள்.

கடைசி நாள் சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு கடல் சிங்கக் குட்டி நேராக என் மகளிடம் வந்தது. நம் வாசனை ஒட்டினால் தாய் அதைச் சேர்க்காமல் போகலாம் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். அவள் எழுந்து பின்னால் போனாள். அது முன்னால் வந்தது. மறுபடி பின்னால் போனாள், மறுபடி அது வந்தது. இப்படியே மணல் முடியும்வரை போய்விட்டார்கள் இரண்டு பேரும். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து தாய் குரல் கொடுத்தது, குட்டி திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி