குமரனுக்கு, அமாதியாவிலிருந்து

அன்புள்ள குமரா,

நலம். நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வீட்டு ஹீட்டர் சரியாகிவிட்டதா? போனில் கேட்டால் "எல்லாம் சரிப்பா" என்று முடித்துவிடுவாய். பொங்கலுக்குப் பிறகு அதுவும் வரவில்லை. நான் அனுப்பும் படங்களுக்கு நீல டிக் விழுகிறது, பார்க்கிறாய் என்று தெரிகிறது. எனக்கு அது போதும் என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்பதாக இல்லை. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இராக்கின் வடக்கே, குர்திஸ்தானில், அமாதியா என்ற ஊருக்கு எதிர் மலையில் ஒரு சின்ன ஓட்டலில் தங்கியிருக்கிறோம். ஒரு தனிக் குன்றின் தட்டையான உச்சி முழுக்க ஊர். சுற்றிலும் செங்குத்துப் பாறை. நடுவில் மசூதியின் உயரமான கோபுரம். நாளைக் காலையில் பழைய கல்வாசலுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். இராக் என்றதும் உன் சித்தப்பா போட்ட கூச்சல் உனக்கும் வந்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. டிபார்ட்மென்ட் நண்பர்கள் எல்லோரும் கூடவே இருக்கிறார்கள். மாத்திரையை மறக்கவில்லை. வழிகாட்டி பொறுப்பான பையன், உன் வயதுதான் இருக்கும். காலையும் மாலையும் வீட்டுக்குப் போன் பேசிவிடுகிறான்.

அர்பில் கோட்டையைப் பற்றி நிறைய எழுத வேண்டாம், படம் அனுப்பியிருக்கிறேன். ஆயிரக்கணக்கான வருஷமாக வீட்டின் மேல் வீடாகக் கட்டிக் கட்டியே உயர்ந்த மேடு அது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2007இல் பழுது பார்ப்பதற்காக எல்லோரையும் கீழே இறக்கியபோது, ஊர் ஒருநாளும் ஆளில்லாமல் கிடக்கக் கூடாது என்று ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் மேலே விட்டுவைத்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு நம் வீட்டு மாடி ஞாபகம்தான் வந்தது. பூட்டியே வைத்திருக்கிறோம். சரி, அதை விடு.

நீ கேட்டே ஆகவேண்டியது ரோட்டைப் பற்றி. ரவாண்டுஸ் பக்கம் கலி அலி பேக் என்று ஒரு பள்ளத்தாக்கு. அதன் வழியாக ஈரான் எல்லை வரைக்கும் சாலை போட வந்தவர் நியூசிலாந்துக்காரர், ஹாமில்டன் என்ற எஞ்சினியர். 1928இல் தொடங்கி 1932இல் முடித்திருக்கிறார். இன்றும் அதை ஹாமில்டன் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். கொல்லிமலை ரோட்டில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அங்கே எழுபது கொண்டை ஊசி வளைவு என்றாலும் கால் ஊன்ற மலையாவது சரிந்து கிடக்கிறது. இங்கே இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை நெட்டுக்குத்தாக நிற்கிறது, கீழே ஆறு, நடுவில் ஆடு போகவே யோசிக்கும். வெடி வைத்து, பாறையைக் குடைந்துதான் வழி எடுத்திருக்கிறார்கள். குர்துகள், அரபுகள், பாரசீகர், அசீரியர் எல்லோரும் வேலை செய்திருக்கிறார்கள். அதற்குமுன் ஒருவரையொருவர் நம்பாத கூட்டம்.

இப்போது வண்டி போவதற்கு அகலமான சாலை இருக்கிறது. பழைய சாலையின் துண்டு தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓரத்தில் கல் அடுக்கிய தாங்குசுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகவில்லை. பெரிய கல்லைக் குறுக்கே போட்டு உள்ளே மண்ணோடு கட்டியிருக்கிறார்கள், நாம் கட்டுக்கல் என்போமே, அதேதான். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகப் பனியும் வெள்ளமும் பார்த்த சுவர். மற்றவர்கள் அருவிப் பக்கம் போய்விட்டார்கள். அந்த அருவிதான் இந்த ஊர் ஐயாயிரம் தினார் நோட்டில் இருக்கிறது, வழிகாட்டி நோட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பொருத்திக் காட்டினான்.

இன்னொன்று. பின்னாளில் போல்ட் போட்டுச் சேர்க்கும் உருக்குப் பாலத்தை வடிவமைத்தவரும் இதே ஹாமில்டன்தான். காலண்டர் ஹாமில்டன் பாலம். உனக்கு அது தெரிந்திருக்கும். என் பையன் ஜெர்மனியில் பாலம் டிசைன் செய்கிறான் என்று அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன். ரைன் நதிமேல் நீ நிற்கும் அந்தப் படத்தைக் காட்டினேன். வழிகாட்டிப் பையன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "குழந்தை யார்?" என்று கேட்டான். என் பேத்தி என்றேன்.

யாழினியைப் போன மாதம் ஈரோட்டில் பார்த்தேன். அவளுடைய தாத்தா வீட்டுப் பக்கமே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். யூனிஃபார்ம் கொஞ்சம் பெரிசு, மடித்துத் தைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். சம்பந்தி காபி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினோம். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நீ ராத்திரி தாமதமாகச் சாப்பிடாதே. வெறும் வயிற்றில் காபி வேண்டாம்.

ஷனிதார் குகைக்கு ரொம்பப் படி ஏற வேண்டும், மூட்டுவலிக்காரர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். நான் ஏறினேன். பெரிய வாய், உள்ளே மேலெல்லாம் கரிப் புகை. ஆடு மேய்க்கிற குடும்பங்கள் குளிர்காலத்தில் அங்கேதான் தங்குவார்களாம். 1951 முதல் 1960 வரை சொலெக்கி என்ற அமெரிக்கர் தோண்டி நியாண்டர்தால் என்ற ஆதி மனிதர்களின் எலும்புகளை எடுத்தார். 2018இல் கேம்பிரிட்ஜ்காரர்கள் இன்னொன்று கண்டுபிடித்தார்கள், 75,000 வருஷத்துக்கு முந்திய பெண். நசுங்கிப் போன மண்டையோட்டை ஒட்டிச் சேர்த்து முகம் செய்து 2024இல் காட்டினார்கள். பார்த்திருப்பாய்.

என் மனசில் நின்றது அவள் இல்லை. சொலெக்கி எடுத்தவர்களில் ஷனிதார் 1 என்று எண் போட்ட ஆள். சின்ன வயதிலேயே முகத்தில் அடி, இடது கண் தெரிந்திருக்காது. வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லை. காதும் கேட்டிருக்காது, நடையும் நொண்டல். அப்படிப்பட்டவன் நாற்பது வயதுக்கு மேல் இருந்திருக்கிறான். அந்தக் காலத்துக்கு அது கிழ வயது. வேட்டையாடித்தான் வாழவேண்டும் என்ற மலையில் அவனால் என்ன செய்திருக்க முடியும்? அதே குகையில் இன்னொருவரைப் பூ வைத்துப் புதைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு, மண்ணில் மகரந்தம் கிடைத்ததால். எலியோ தேனீயோ கொண்டுவந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். வழிகாட்டிப் பையன் பூதான் என்று அடித்துச் சொன்னான், எனக்கு அதில் வாதம் இல்லை. பூ வைத்தார்களோ இல்லையோ, இவனுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். அவனும் கூச்சப்படாமல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். நீ இதை யோசித்துப் பார்.

வசந்த காலம் என்பதால் மலை முழுக்கச் சிவப்புப் பாப்பி. ஓக் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. வழியோரம் காட்டு ருபார்ப் தண்டைக் கட்டாகக் கட்டி விற்கிறார்கள், தோலுரித்து உப்புத் தொட்டுக் கடித்தால் நல்ல புளிப்பு. வெள்ளிக்கிழமை ஆனால் குடும்பம் குடும்பமாக ஓடைக்கரைக்கு வந்து, பாய் விரித்து, கை கோத்து ஆடுகிறார்கள். யார் என்றே தெரியாத எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இலையில் சோறு பொதிந்த டோல்மாவும் மோரும் கொடுத்தார்கள். ஆனால் புல்லைப் பார்த்ததும் இறங்கிவிட முடியாது. பழைய யுத்தத்துக் கண்ணிவெடிகள் இன்னும் கிடக்கின்றன, சில சரிவுகளில் சிவப்பு முக்கோணப் பலகை நட்டிருக்கிறார்கள். ஆள் நடந்த தடத்தை விட்டு ஒரு அடிகூட விலகாதீர்கள் என்று வண்டி நிற்கும்போதெல்லாம் வழிகாட்டி சொல்கிறான்.

சுலைமானியாவில் பழைய சிறைக்கூடத்தை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு நீளக் கூடம் முழுக்க 182,000 கண்ணாடித் துண்டுகள், சதாம் ஆட்சியில் குர்துகளைக் கொன்ற அன்ஃபால் படுகொலையில் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. மேலே 4,500 விளக்கு, அழிக்கப்பட்ட கிராமங்களுக்கு. நான் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன். மறுநாள் ஹலப்ஜா. 1988 மார்ச் 16இல் விஷவாயுக் குண்டு போட்டு ஏறக்குறைய 5,000 பேரைக் கொன்ற ஊர். அந்தக் களேபரத்தில் கைக்குழந்தைகள் பிரிந்து ஈரானுக்குப் போய்விட்டன. அப்படிப் போன ஒரு பையன், 21 வயதில், 2009இல் திரும்பி வந்திருக்கிறான். டிஎன்ஏ பரிசோதனை செய்து இன்ன தாயின் பிள்ளை என்று உறுதி செய்தார்கள். அவன் பாரசீகம் பேசி வளர்ந்தவன், தாய்க்குக் குர்திஷ். கட்டிப்பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்திருக்கிறது, பேச இன்னொரு ஆள் வேண்டும்.

உனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரே பாஷைதான், குமரா. மலரின் வளைகாப்புக்கு நீ வராதபோது லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னது அவள்தான். யாரும் கேட்காதபோதும் சொன்னாள்.

லாலிஷ் போனோம். யஸீதிகள் என்ற சிறுபான்மை மதத்தவரின் கோயில், மடிப்பு மடிப்பாகக் கூம்பு வைத்த கோபுரங்கள். ஊருக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றவேண்டும், வாசற்படியை மிதிக்கக் கூடாது. மயில் வடிவத் தேவதூதரை வணங்குகிறார்கள், அதனால் இது முருகன் கோயில் என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, அதை ஃபார்வர்ட் செய்யவேண்டாம் என்று குரூப்பில் எழுதிவிட்டேன். அவர்கள் சாமி அவர்களுடையது. 2014இல் ஐஎஸ்காரர்கள் சிஞ்சாரில் அவர்களைக் கொன்று, பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தப்பித்து வந்த பெண்களை என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது, அவர்களுடைய பெரிய குரு பாபா ஷேக், இவர்கள் நம் பிள்ளைகள், நடந்ததில் இவர்கள் குற்றம் ஏதுமில்லை, வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். இங்கேயுள்ள வெள்ளை ஊற்றில் அவர்களுக்கு மறுபடி நீராட்டினார்கள். அந்த ஊற்றின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

உள்ளே தூண்களில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பட்டுத் துணி சுற்றியிருக்கிறது. அதில் வேண்டிக்கொண்டு முடிச்சுப் போடுகிறார்கள். ஆனால் முதலில் வேறு யாரோ போட்ட முடிச்சு ஒன்றை அவிழ்க்கவேண்டும், அப்போதுதான் அவர் வேண்டியது பலிக்கும். நான் பிடித்தது கெட்டியான முடிச்சு, நகம் வலித்தது. அவிழ்த்துவிட்டுத்தான் என்னுடையதைப் போட்டேன். என்ன வேண்டினேன் என்று உனக்கு எழுதத் தேவையில்லை.

ஞாயிறு காலையில் சென்னையில் இறங்கி, மத்தியானம் ரயிலேறிச் சேலம் வந்துவிடுவேன். உன் அம்மா ராத்திரி பத்தரை வரைக்கும் விழித்திருக்கிறாள், அங்கே ஏழு மணி. அந்நேரத்துக்குக் கூப்பிடு. என்னிடம் பேசக் கஷ்டமாக இருந்தால் என்னைக் கேட்காதே, அவளிடம் பேசு. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று இரண்டு பேரும் கேட்கமாட்டோம், நீயாகச் சொன்னால் தவிர. மாடி அறையில் பாத்ரூம் குழாயை மாற்றியாயிற்று, ஃபேனும் புதிது. எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து இரு. டிக்கெட்டுக்குப் பணம் முடை என்றால் மலரிடம் சொல், அவள் என்னிடமிருந்துதான் வாங்குவாள், உனக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லியிருந்தாள், எழுதிவிட்டேன்.

சாப்பிடு. போனை எடு.

அன்புடன்,
அப்பா